எஞ்சினை அணைக்காமல் இறங்குகிறவர்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அவர் அணைக்க மாட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வண்டியின் முன்பக்கம் வந்து நின்று ஒரு விரலை உயர்த்துவார். அந்த விரல் எனக்குத்தான். "வாங்கம்மா, என்ன ஆச்சு?" என்று நான் கேட்டுவிடக் கூடாது. முதலில் வண்டி, பிறகு அவர், அதற்கப்புறம்தான் நான்.

"கேட்டுச்சாண்ணே?" என்பார்.

பெரும்பாலும் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில், கடைகள் முடிந்து தொழிற்கூடங்கள் தொடங்கும் வரிசையில் இருந்தது அந்தப் பட்டறை. ஐரோப்பிய கார்கள் மட்டும் பார்ப்போம். முதலாளி ஒரு சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு கை வேலை எல்லாம் அவர் பார்ப்பார். முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது நான். வருகிறவர்கள் சொல்வதைத் தாளில் எழுதுவதும், வேலை முடிந்ததும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு.

அந்த அம்மாவின் பெயர் அந்தத் தாள்களில் பல தடவை என் கையெழுத்திலேயே இருக்கிறது. இங்கே வேண்டாம். முப்பத்தைந்து வயது இருக்கும். பிளந்தோங் பக்கம், குழந்தைகளுக்கான பால் புட்டி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஷிப்ட் முடிந்த நேரத்தில் வருவார். கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பேசுவார்.

"செவ்வாக்கிழமை காலைல ஆறு அம்பதுக்கு. எஞ்சின் சூடாகல. பாலத்துல ஏறி முடிச்சி கால எடுத்தேன். ஊஉங்னு ஒரு சத்தம், முடியிறப்ப கொஞ்சம் கம்மிப்போன மாதிரி. மூணு செகண்ட். புதன்கிழமை வரல. வியாழக்கிழமை மறுபடியும்."

ஒரு டாக்டரிடம்கூட யாரும் இத்தனை ஒழுங்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் கணவர் வாங்கிய வண்டி அது. வெள்ளை நிறம், சொகுசுக் கார் ரகம், ஆனால் சின்ன உடம்பு. இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின். ஏற்கெனவே இன்னொருவர் வைத்திருந்தது என்றாலும் பார்க்கப் புதிதுபோல இருந்தது. கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை மோட்டார் சைக்கிளில் கெலாங் பாத்தா வரை போய், எல்லைப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போவார். அதனால் அவர் வாங்கிய வண்டியை அவர் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் இந்த அம்மாவிடம் இருந்தது. வீடு, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, மறுபடி வீடு. எல்லாம் பத்து நிமிட ஓட்டம்.

முதல் தடவை வந்தது அதனால்தான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. இந்த ரக டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி நீளமாக, வேகமாக ஓடினால்தான் அது சூடேறி, பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளும். தவுக்கே அதைச் சுத்தம் செய்துகொடுத்தார். "வாரத்துல ஒரு தடவ ஹைவேல ஏத்துங்கம்மா. தூரமா போயிட்டு வாங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் வரை போய்வந்திருக்கிறார். திங்கட்கிழமை, அங்கே எனக்காக வாங்கிய ஒரு சின்ன மண் பூந்தொட்டியை மேசையில் வைத்தார். விளக்கு அணைந்துவிட்டது என்ற சந்தோஷம் முகத்தில் இருந்தது. ஆனால் உடனே நோட்டை எடுத்தார்.

"அந்தச் சத்தம்ணே."

"டீசல் எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும்மா. கட கடன்னு."

"அந்தக் கட கட எனக்குத் தெரியும். இது வேற."

தவுக்கே மூடியைத் திறந்து குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஸ்கேனரைச் செருகினோம். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"இல்லன்னு சொல்லாதீங்கண்ணே. தெரியலன்னு சொல்லுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்க லைன்ல புட்டிய வெளிச்சத்துல காட்டிப் பாப்போம். விரிசல் கண்ணுல படலன்னா ‘படல’ன்னுதான் எழுதணும். ‘இல்ல’ன்னு எழுதுனா சூப்பர்வைசர் திட்டுவாங்க. குழந்தை வாயில வைக்கிறது லா."

சிரித்து மழுப்பினேன். அவர் போன பிறகு தவுக்கேயிடம் சொல்லி இன்னொரு தடவை சிரித்தேன்.

மூன்றாம் தடவை வந்தபோது என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீங்க ஓட்டுனா வராது. நான் ஓட்டறேன், நீங்க கேளுங்க." பாலம் ஏறி இறங்கி, பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் போனோம். ரேடியோ கிடையாது. ஏர்கோன் காற்றை மிகக் குறைவாக வைத்திருந்தார். பாலம் ஏறும்போது பிள்ளைகள்கூடப் பேசக் கூடாது என்பது வண்டிக்குள் சட்டமாம்.

அன்றுதான் அந்த வண்டி எப்படிப்பட்டது என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. மிதித்ததும் ஒரு நொடி யோசிக்கும். பிறகு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ விழித்துக்கொள்ளும். முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல ஒரு வேகம் வரும். பெட்ரோல் எஞ்சின் என்றால் அந்த வேகத்துக்கு அலறும். இதில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டவே இல்லை. கியர் மாறுவது தெரியவில்லை. கனமான உடம்பு, தடித்த கண்ணாடி. கொள்கலன் லாரி ஒன்றைத் தாண்டிப் போனோம், காற்று மோதியது உள்ளே வரவில்லை. எழுபதில் போகிறோம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் நூற்றுப் பத்து. வேகம் தெரியாமல் வேகம் தருகிற வண்டி அது. நல்ல எஞ்சின் என்று வாயால் சொன்னேன். ஆனால் இது எதையும் தானாக வெளியே காட்டிக்கொள்ளாது என்று உள்ளே ஒரு சங்கடம் இருந்தது.

அவர் மிக நன்றாக ஓட்டினார். பயந்து ஓட்டுகிறவர்கள் தடுமாறுவார்கள். இவரிடம் ஒரு தடுமாற்றமும் இல்லை. கண்ணாடியைப் பார்ப்பார், முன்னால் பார்ப்பார், தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார். அரை மணி நேரம். சத்தம் வரவில்லை.

"அலமாக்! உங்க முன்னாடி நல்ல பிள்ள மாதிரி நடிக்கிதுண்ணே" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு மறுநாள் அவர் கணவர் எனக்குப் போன் செய்தார். மோசமான மனிதர் இல்லை. களைத்த குரல்.

"பிரதர், அவ அப்படித்தான். கேஸ் அடுப்ப அணைச்சாளான்னு பாதி வழில திரும்பிப் போயி பாப்பா. நான் நாலரைக்கு வீட்ட விட்டா எட்டுக்குத்தான் வரேன். சாப்பிட உக்காந்தா சத்தம், சத்தம், சத்தம். நீங்க ஒண்ணும் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க. அவளும் நிம்மதியா இருப்பா, நானும் நிம்மதியா சாப்பிடுவேன்."

எழுதிக்கொடுத்தேன். ‘சோதித்தோம், கோளாறு இல்லை.’ கீழே என் கையெழுத்து, பட்டறையின் முத்திரை. நல்லது செய்ததாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அந்தப் பேப்பர ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காருண்ணே. நான் வாயத் தெறந்தா பிள்ளைங்க ஃப்ரிட்ஜக் காட்டுறாங்க" என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘வியாழக்கிழமை மறுபடியும்’ என்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை வந்தார். அன்றைக்கு அவர் விரலை உயர்த்தவில்லை. எனக்கு அது உடனே உறைத்திருக்க வேண்டும்.

"எண்ணெய் கொஞ்சம் இறங்கியிருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணா பின்னால நீலமா புகை வருது. இன்னிக்கு ரெண்டு தடவ. நாளைக்கு சிகாமாட் போறோம், அவரோட அண்ணன் வீட்டுக்கு. அவருக்கு நாளைக்கு ஓவர்டைம், வேலை முடிஞ்சி பஸ்ல வந்துருவாரு. நானும் பிள்ளைங்களும் இந்தக் காடில. நல்லா பாத்துருங்கண்ணே."

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று எனக்குத் தெரியும். டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். எஞ்சின் ஆறிய பிறகு அரை மணி நேர வேலை. ஆனால் அன்று பதினோரு வண்டிகள் நின்றன. எல்லாருக்கும் ஊருக்குப் போக வேண்டும். தவுக்கே ஒரு கியர்பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். ‘சத்தக்காரம்மா’ என்று ஒரு ஆள் சொன்னான், நானும் சிரித்தேன். வண்டி இரண்டு மணி நேரம் கூரைக்குக் கீழே சும்மா நின்றது. எண்ணெய் ஊற்றினோம், கழுவினோம். நான் தாளை எடுத்து ‘ஓட்டிப் பார்த்தேன், கோளாறு இல்லை’ என்று எழுதினேன்.

"ஓட்டிப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேம்மா."

உள்ளே ஏறி உட்கார்ந்தவர் உடனே கிளம்பவில்லை. டேஷ்போர்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் வீட்டில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தபோது முதலில் மனிதக் குரல் கேட்கவில்லை. ஏதோ ஒரு இயந்திரம் அலறுகிற சத்தம். அதற்குள்ளிருந்து அவர் குரல்.

"அண்ணே, அணைச்சிட்டேன். நிக்க மாட்டேங்குது."

"என்னம்மா?"

"காடி. ஆயர் ஈத்தாம் வர்றதுக்கு முன்னால. ஒரு மேடு ஏறுனேன். கால எடுத்துட்டேன், அது எடுக்கல. ஏறிக்கிட்டே போச்சு. பிரேக்க அமுக்கி ஓரமா நிறுத்திட்டேன். பட்டன அமுக்குனேன், விளக்கெல்லாம் போயிருச்சு. எஞ்சின் மட்டும் ஓடுது. ரோடே தெரியல, புகை."

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எரியும். எரிகிற பொருள் எது கிடைத்தாலும் போதும். டர்போ கசிந்து, எஞ்சினுடைய எண்ணெயே காற்றுக் குழாய் வழியாக உள்ளே போனால், டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு, குடிக்கக் குடிக்க இன்னும் வேகமாக ஓடும். காற்று வழியை மூடுவதற்கு உள்ளே ஒரு சின்னக் கதவு உண்டு. கரி படிந்து அது பாதியில் நின்றிருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் இப்படி அடங்காமல் ஓடுவது, பட்டறையில் நாங்கள் கதைபோலப் பேசிக்கொள்கிற விஷயம். நான் கண்ணால் பார்த்ததில்லை.

"பிள்ளைங்க எங்கம்மா?"

"இறக்கிட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

"நீங்களும் போங்க. தூரமா போங்க. எதையும் தொடாதீங்க. தீப்பிடிச்சாலும் பிடிக்கும்."

"என் பை உள்ள இருக்குது."

"விடுங்கம்மா! ஓடுங்க!"

நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அலறல் இன்னும் ஏறியது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு ஒரு வெடி. இரும்புக்குள் இரும்பு உடைகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"அம்மா... அம்மா..."

லாரிகள் போகிற இரைச்சல் மட்டும் வந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. "அங்கிள், அம்மா கீழ உக்காந்துட்டாங்க."

"அம்மாகிட்ட குடு கண்ணு."

"நின்னுருச்சுண்ணே" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "பத்து நாப்பத்தொண்ணுக்கு."

என் காரை எடுத்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலை ரோந்து ஆட்கள் வந்து கூம்புகள் வைத்திருந்தார்கள். வெள்ளை வண்டியின் பின்பக்கம் முழுக்கக் கறுத்து, தார்ச்சாலையில் எண்ணெய் ஓடிக் கிடந்தது. புல்மேட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இழுவை லாரி வந்து வண்டியை ஏற்றிய பிறகு அவர்களை என் காரிலேயே திரும்பக் கூட்டிவந்தேன். அவர் பின்னால், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என வழி முழுக்க நினைத்தேன். சிம்பாங் ரெங்கம் தாண்டியது, கூலாய் தாண்டியது. வீட்டு வாசலில் இறங்கி "நன்றிண்ணே" என்று அவர் சொன்னபோதும் நான் சொல்லவில்லை.

அந்தத் தீபாவளி எனக்கு எப்படிப் போனது என்று நினைவில்லை. யார் போன் அடித்தாலும் எழுந்து வெளியே போனேன்.

பட்டறை திறந்த முதல் நாள் தவுக்கே டர்போ குழாயைக் கழற்றினார். எண்ணெய் தரையில் கொட்டியது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமைத் தாளை எடுத்து நீட்டி, "இதை நீ ஓட்டினாயா?" என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவும் கணவரும் மோட்டாரில் வந்து இறங்கினார்கள்.

கணவர் கையில் அதே தாளின் நகல். முந்தைய இரவு அவர் தூங்கவில்லை என்று கண்களிலேயே தெரிந்தது. "பிரதர், நீங்களே சொல்லுங்க. சனிக்கிழம நல்லா இருந்த காடி ஞாயித்துக்கிழம எப்படி இப்படி ஆகும்? இவ என்னமோ தப்பா அமுக்கியிருக்கா. பதட்டத்துல ரெண்டு காலையும் வச்சிருப்பா. பிள்ளைங்க இருந்தாங்க பிரதர் உள்ள. இதோ தெளிவா எழுதியிருக்கே, ஓட்டிப் பார்த்தேன்னு."

அந்த அம்மா என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை.

"நான் ஓட்டல" என்றேன்.

கணவருக்குப் புரியவில்லை. "என்ன?"

"அன்னிக்கு நான் ஓட்டிப் பாக்கல. கூட்டமா இருந்துச்சு. பாக்காமலே எழுதுனேன். அவங்க சொன்னது எல்லாம் சரி. நாலு மாசமா சொன்ன சத்தம் டர்போதான். நீலப் புகை வருதுன்னும் சொன்னாங்க. கழட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அவங்க எதையும் தப்பா அமுக்கல. வேற யாரா இருந்தாலும் அப்படி ஓரம் கட்டியிருக்க முடியாது."

தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெரிந்துகொண்டார். ஒரு பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். ‘ஓட்டிப் பார்த்தேன்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஓட்டிப் பார்க்கவில்லை, சோதிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணவர் அதை வாங்கி நின்றபடியே படித்தார். திருப்பித் திருப்பிப் படித்தார்.

"எனக்குத் தெரியும்ணே" என்றார் அந்த அம்மா.

"என்ன தெரியும்?"

"நீங்க ஓட்டலன்னு. உள்ள விடறப்ப மீட்டரப் பாத்து எழுதி வச்சிருந்தேன். எடுக்கறப்ப அதே நம்பர்தான் இருந்துச்சு." கணவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "கேக்கலாம்னுதான் நெனச்சேன். எல்லாரும் ஒண்ணும் இல்லங்கிறாங்க, ஒரு தடவையாச்சும் நம்பிப் போயிருவோம்னு கெளம்பிட்டேன்."

நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தவுக்கே, பட்டறைப் பொறுப்பிலேயே வேறு எஞ்சின் வைத்துத் தருவதாக மலாயில் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து நானாகத்தான் விலகினேன்.

"எஞ்சின் மாத்துங்க" என்றார் அவர். "ஆனா நான் ஓட்ட மாட்டேன்."

கணவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஏன்? அதான் சரி பண்ணித் தர்றாங்களே."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

நான்கு மாதமாக மணி சொன்னார், நாள் சொன்னார், எந்த மேடு, எந்தத் திருப்பம் என்று சொன்னார். பயம் என்ற சொல்லை அதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பயமாக இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அந்த மனிதரும் கேட்கவில்லை.

"எப்பலேருந்து?" என்றார் கணவர்.

"நீங்க வாங்கிட்டு வந்த நாள்லேருந்து."

கணவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து மனைவிக்குப் போட்டார். இன்னொன்றை அதற்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். வெளியே மோட்டாரில் ஹெல்மெட்டுகள் தொங்கின. அரை நாள் விடுப்புதான் எடுத்திருந்தார், வேலைக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது அவருக்கு.

"மொதல்லேருந்து சொல்லு" என்றார்.